ராக்காவல் அரட்டை: ஆன்லைன் ரோல்ப்ளேயில் பாத்திரங்களைச் சும்மா பேசவிட்ட அனுபவம்

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் புதிதாக டி அண்ட் டி (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) குழு தொடங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பாத்திரங்க சும்மா பேசிக்கிறதுக்குன்னு தனி த்ரெட் வைக்கலாமா? உங்க குழுவுல ரொம்ப நாளா இருக்கே, எப்படிப் போகுது?" அன்று காலையில்தான் எங்கள் குழுவில் அந்த த்ரெட்டை, அதாவது கதை ஓடும் மெயின் சேனலுக்கு வெளியே வைத்த தனி உரையாடலை, வைத்தே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. சூடு ஆறட்டும் என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். முழுதாக ஆறவில்லை.

எங்கள் ஆட்டம் முழுக்க எழுத்தில் நடப்பது. கோவை, சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆட்கள் சிதறிக் கிடப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் மைக் முன்னால் உட்கார வழியில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள், பகடை உருட்ட ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்), பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் பதிவு விழ டப்பர்பாக்ஸ் என்ற இன்னொரு பாட். இந்த ஏற்பாடெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விதிப்படி சண்டையில் ஒரு ரவுண்டு என்பது 6 வினாடி. எழுதி ஆடும்போது அந்த 6 வினாடி ஒரு வாரம்கூட இழுக்கும். விளைவு, மாதக்கணக்கில் சேர்ந்து ஆடியும் எங்கள் விசார்டுக்கு (மந்திரவாதி) ரோக்கை (பதுங்கித் தாக்கும் திருடி) பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் அடித்தால் எவ்வளவு டேமேஜ் விழும் என்பது மட்டும்தான்.

இதற்கு மருந்து விதிப்புத்தகத்திலேயே இருந்தது. லாங் ரெஸ்ட், அதாவது பாத்திரங்கள் தூங்கி எழும் நீண்ட ஓய்வு, 8 மணி நேரம். அதில் படிப்பது, பேசுவது, சாப்பிடுவது, காவல் நிற்பது போன்ற இலகுவான வேலைகளுக்கு 2 மணி நேரம் வரை இடமுண்டு. பெரும்பாலான குழுக்களில் "லாங் ரெஸ்ட் எடுத்தாச்சு, ஹெச்பி ஏத்திக்கோங்க" என்று உயிர்ப்புள்ளிகளை நிரப்பி ஒரே வரியில் இரவு கடந்துபோய்விடும். எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அந்த 2 மணி நேரத்தை மட்டும் தனி த்ரெட்டாகத் திறந்துவிட்டார். காவலுக்கு இரண்டிரண்டு பேர். யாரோடு யார் என்பதைப் பகடை சொல்லும். இந்தப் பகடை ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நாமாகத் தேர்ந்தெடுத்திருந்தால் பேசிப் பழகியவர்களோடே பேசிக்கொண்டிருப்போம்.

தொடக்கத்தில் எல்லோரும் பின்கதையைத்தான் கேட்டார்கள். உன் ஊர் எது, அப்பா அம்மா எங்கே, எதற்காக வாள் எடுத்தாய்? பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற மாதிரி கேள்விகள். பதிலாக, டிஸ்கார்ட் ஒரு பதிவுக்குத் தரும் 2000 எழுத்துகளையும் நிரப்பி, எரிந்துபோன கிராமத்தின் கதை வரும். படிப்பவருக்கு அதன்மேல் சொல்ல எதுவும் இருக்காது. பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

எழுந்து நடந்தது ஒரு சாப்பாட்டுச் சண்டையில். ஹாஃப்-ஓர்க் ஃபைட்டர் (பாதி அரக்க இனப் போர்வீரன்) கராஷும், வயதான ட்வார்ஃப் கிளெரிக் (குள்ளர் இனப் பூசாரி) போர்வினும் காவலில் இருந்தார்கள்.

"சூப்பு உப்பு கரிக்குது பெரியவரே."

"உப்பு போட்டாத்தான் கறி நாலு நாளைக்குத் தாங்கும்."

"நாளைக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுவோமே."

"சேர்ந்துடுவோம்னு உனக்கு யார் சொன்னது?"

அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வரியில் போர்வின் யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடத்துக்கும் போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கை இல்லாத ஆள். கேரக்டர் ஷீட்டில் குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் எதிலும் போர்வினை ஆடுகிறவர் இதை எழுதவில்லை. அவருக்கே அந்த வரியைத் தட்டச்சு செய்யும் வரை தெரியாது என்று பிறகு சொன்னார்.

ஏன் இது வேலை செய்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். உப்பு அற்ப விஷயம். அதில் தோற்றாலும் யாருக்கும் நட்டமில்லை என்பதால் இருவரும் தயங்காமல் எதிர்த்துப் பேச முடிந்தது. ஒவ்வொரு வரியும் அடுத்தவர் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றை விட்டுச் சென்றது. இடையில் கூடாரத்துக்குள்ளிருந்து விசார்ட் "மெதுவா பேசுங்க, மந்திரம் மறந்துடும்" என்று குரல் கொடுக்கவும் இடமிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் கண்முன் இருக்கும் பொருட்களைப் பற்றித்தான்: ஈரமான பூட்ஸ், ஒரு நாள் ரேஷனுக்கு 5 வெள்ளி கொடுப்பது அநியாயமா இல்லையா, யார் குறட்டை விடுவது. டிஎம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தார். வெகுநாள் கழித்து ஓர் உப்பளத்து ஊரில் வியாபாரி ஒருத்தி போர்வின் கறிக்கு உப்புத் தடவும் விதத்தைப் பார்த்துவிட்டு, "முற்றுகையில இருந்தவங்கதான் இப்படிப் போடுவாங்க. எந்தக் கோட்டை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து எங்கள் கதையின் மிகச் சிறந்த பகுதி பிறந்தது. சண்டையும் மாறியது. எதிரியைக் கண்டதும் முன்னால் ஓடுகிற கராஷ், பின்னால் கிழவர் நிற்கிறார் என்று வாசலை விட்டு நகர மறுத்தான். எந்த விதியும் அவனை நிற்கச் சொல்லவில்லை.

சின்ன எரிச்சல் ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். "தலையசைத்தான்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள். 1989-இல் கார்னகி மெலனில் ஜிம் ஆஸ்ப்னெஸ் எழுதிய டைனிமட் என்ற எழுத்துவழி ஆன்லைன் விளையாட்டின் காலத்திலேயே இப்படி ஒரு சொல்லில் சைகை காட்டும் வசதி இருந்தது. அங்கே எல்லோரும் அந்த நொடியில் எதிரில் இருந்தார்கள், தலையசைப்புக்குப் பொருள் இருந்தது. நம் வகை ஆட்டத்தில் ஒரு தலையசைப்பு எதிராளியின் ஒரு நாளைத் தின்றுவிடுகிறது.

பெரிய எரிச்சல் நேரம். டொராண்டோவில் இருப்பவர் பதில் எழுதும்போது கோவைக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். அதற்குள் மெயின் சேனலில் டிஎம் பொழுது விடியவைத்துவிடுவார். மற்றவர்களைக் காக்கவைக்க முடியாதே. த்ரெட்டில் நடுநிசி, மெயினில் நண்பகல். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருப்பார். தொடக்கம் முதல் இருக்கும் இந்தச் சிக்கலை "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றே தள்ளிப்போட்டு வந்தோம்.

போன வாரம் மெயினில் போர்வின் செத்துவிட்டார். வீழ்ந்தவர் பிழைப்பாரா என்று பார்க்க உருட்டும் டெத் சேவில் முதலில் 1 விழுந்தது. விதிப்படி அது இரண்டு தோல்விக்குச் சமம். அடுத்தது 7, மூன்றாவது தோல்வி. செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்தைப் போட 300 பொன் பெறுமான வைரம் பையில் இருந்தது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், அந்த மந்திரம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதே நேரத்தில் த்ரெட்டில் அவர் உயிரோடு உட்கார்ந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கராஷ் கேட்ட கேள்வி பதிலுக்குக் காத்திருந்தது: "தெனமும் ஒரு துண்டு கறி எடுத்து வைக்கிறீங்களே, யாருக்கு?"

பதில் எழுதலாமா கூடாதா என்பதுதான் அந்த வாக்குவாதம். கடைசியில் போர்வினை ஆடுகிறவர் எழுதினார். அருமையாக எழுதினார், நானே இரண்டு முறை படித்தேன். எனக்குக் கோபமும் அதனால்தான். அது சாகப்போவதை அறிந்த மனிதரின் பேச்சு; அளந்து, கனமாக, முடிவுரை மாதிரி. உப்புச் சண்டை போட்ட போர்வின் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாமல் பேசினார், அந்தப் பேச்சின் உயிரே அதில்தான் இருந்தது. இவ்வளவு காலம் அந்தப் பாத்திரத்தோடு வாழ்ந்தவர் அவர், இழப்பும் அவருடையது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து போட்டிருந்த எங்கள் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

ஆகவே நண்பரே, இவ்வளவு புகழ்ந்தவன் சொல்கிறேன்: தனி த்ரெட் வைக்காதீர்கள். மெயின் சேனலிலேயே, படுக்கும் முன், ஆளுக்கு நாலைந்து பதிவு பேசட்டும். மற்றவர்கள் காத்திருக்க நேரிடும், முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்லவற்றில் பாதி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், தெரிந்தேதான் சொல்கிறேன். வைத்தே தீருவேன் என்றால், டிஎம் "விடிந்தது" என்று எழுதியதும் த்ரெட்டைப் பூட்டும் அதிகாரத்தை முதல் நாளே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். கேள்வி பாதியில் நின்றாலும் சரி. எங்கள் குழுவில் இப்போது அதற்குத்தான் வாக்கெடுப்பு ஓடுகிறது. பூட்டலாம் என்று நான் போட்டிருக்கிறேன், போர்வினை ஆடியவர் வேண்டாம் என்று போட்டிருக்கிறார். டொராண்டோக்காரர் இன்னும் போடவில்லை.