டர்பன் 454-ஆ, வால் அணை 454-ஆ: பிரித்துப் போட்டால் எது தேறும்?

டர்பனில் பழைய படகு எஞ்சின் வாங்க நினைக்கிறவர்கள் எடுத்தவுடனே கேட்பது செவியா (செவர்லேயா) ஃபோர்டா என்றுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. அந்த எஞ்சின் இத்தனை வருஷமாக எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதுதான் முதல் கேள்வி. நம்மிடம் வரும் பெரிய பிளாக் வி8-களில் சில இங்கேயே ஹார்பரிலும் கடலிலும் ஓடியவை. மற்றவை ஜோபர்க் பக்கத்துக்காரர்கள் வால் அணையில் ஸ்பீட் போட்டில் ஓட்டிவிட்டு விற்பவை, என்3 நெடுஞ்சாலை வழியாக யாரோ ஒருத்தர் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏறி இங்கே வந்து சேரும். ஒரே 454 (செவியின் 454 கன அங்குல எஞ்சின்), ஒரே காலத்து வார்ப்பு என்றாலும் ஹெட்டைக் கழற்றியதும் தெரியும், இரண்டுக்கும் நோய் வேறு.

அதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன எஞ்சின் என்று தெரிய வேண்டும். ஸ்டிக்கரையும் வால்வு கவரின் நிறத்தையும் நம்பாதீர்கள், அதை யாரும் மாற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருந்தால் செவி, முன்னால் இருந்தால் ஃபோர்டு 460. இதற்கு ஸ்பேனரே வேண்டாம். செவியின் வார்ப்பு எண் பிளாக்கின் பின்பக்கம், பெல்ஹவுசிங் சேரும் விளிம்பின் மேல் புடைத்த எழுத்தில் இருக்கும். எஞ்சின் படகுக்குள் இருக்கும்போது அதைப் படிக்க சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் கூடவே கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 3963512 என்ற எண்ணைப் பார்த்ததுமே "4 போல்ட் மெயின்" (கிராங்க் பேரிங் மூடியை நான்கு போல்ட் பிடிப்பது) என்று விலையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வார்ப்பில் 2 போல்ட்டும் வந்திருக்கிறது, 4 போல்ட்டும் வந்திருக்கிறது, ஆயில் பேன் இறங்கும் வரைக்கும் அது வெறும் பேச்சுதான்.

செவியின் பெரிய பிளாக்கில் மூன்று தலைமுறை: மார்க் 4 என்பது 1965-இலிருந்து 1990 வரை, ஜென் 5 1991-இலிருந்து 95 வரை, அப்புறம் ஜென் 6. பேன் கழன்றதும் பின்பக்க கிராங்க் சீலைப் பாருங்கள்: இரண்டு துண்டாக இருந்தால் மார்க் 4, ஒரே வளையமாக இருந்தால் பிந்தையது. இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஜென் 5-இடம்தான். அதன் மேல்தளத்தில் தண்ணீர் ஓட்டைகளின் வடிவத்தை மாற்றிவிட்டார்கள். யாராவது பழைய மார்க் 4 ஹெட்டைத் தூக்கி அதன் மேல் வைத்திருந்தால், அதற்கென்று உள்ள கேஸ்கெட் போடாதபோது, தண்ணீர் லிஃப்டர் பள்ளத்துக்குள் (வால்வைத் தள்ளும் லிஃப்டர்கள் உட்காரும் நடுப்பள்ளம்) இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஜென் 6-இல் அந்த ஓட்டைகளை மறுபடி பழைய மாதிரிக்கே கொண்டுவந்தார்கள். ஆகவே ஜென் 5 கிடைத்தால் ஹெட்டின் வார்ப்பு எண்ணையும் தனியாகப் படியுங்கள். போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) அளந்தால் சந்தேகம் தீரும்: 454-க்கு 4.250 அங்குலம், அதாவது 107.95 மி.மீ.; செவியின் இன்னும் பெரிய 502-க்கு 4.466, சுமார் 113.4 மி.மீ. ஏற்கெனவே ஓவர்சைஸ் வெட்டியிருந்தால் பிஸ்டன் தலையில் 030 அல்லது 060 (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 அல்லது 60 பங்கு) என்று பெரும்பாலும் அடித்திருக்கும். 060 என்றால் அந்தப் பிளாக்கின் ஆயுசில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது கடல் எஞ்சின். ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லாமல் கடல் தண்ணீரையே நேராகப் பிளாக்குக்குள் சுற்றவிட்டு ஓட்டியது என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து ஆரம்பியுங்கள். அதற்கு மேலே உட்காரும் ரைசரில் வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தண்ணீர்ச் சுவர் துருப்பிடித்து காகிதமாகியிருக்கும். அது ஓட்டை விழுந்தால், எஞ்சின் நின்ற பிறகு எந்த சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள் தண்ணீர் இறங்கும். ஹெட்டைத் தூக்கியதும் ஒரு சிலிண்டர் சுவரில் மட்டும் ஒரே உயரத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் கதை, பிஸ்டன் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதன் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் ஹோனிங்கிலேயே (சுவரை லேசாகத் தேய்ப்பதிலேயே) போய்விடலாம். மாட்டினால் போரிங் வேண்டும் (சிலிண்டரை அகலமாக வெட்ட வேண்டும்), அப்போது சுவர் தடிமனை அல்ட்ராசானிக்கில் அளக்காமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். காரில் ஓடிய 454-ஐக் கண்ணை மூடிக்கொண்டு 30 வெட்டலாம், கடல் தண்ணீர் குடித்த பிளாக்கில் சுவரைப் பின்னாலிருந்தும் உப்பு தின்றிருக்கும். ஏற்கெனவே பெரிய போர் உள்ள 502-இல் நான் இன்னும் தயங்குவேன்.

மேல்தளத்தில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றியும் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு அரித்து அரித்து கேஸ்கெட் வளையம் உட்காரும் இடம் வரை வந்திருந்தால், தளத்தைச் சீவினாலும் பள்ளம் போகாது. பிளாக்கின் பக்கத்தில் தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றும்போது தண்ணீர் வரவில்லை என்றால் கம்பியை விட்டுக் குத்துங்கள், உள்ளே துருச் செதிலும் மணலும் கெட்டியாக அடைத்திருக்கும். அந்தச் சிலிண்டர்கள் கீழ்ப்பாதியில் எப்போதும் சூடாகவே ஓடியிருக்கின்றன. கோர் பிளக் (பிளாக்கின் வார்ப்பு ஓட்டைகளை மூடும் தகட்டு மூடி) பித்தளையா என்றும் ஒரு பார்வை. இரும்பு பிளக் இருந்தால் யாரோ கார் எஞ்சினைக் கொண்டுவந்து படகு எஞ்சின் என்று விற்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

வால் அணைக்காரர் "நல்ல தண்ணீர் எஞ்சின் அண்ணே, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார். பொய் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அணை இருக்கும் ஹைவெல்டு மேட்டுநிலம் சுமார் 1,500 மீட்டர் உயரம், ஜூன் ஜூலை இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். படகை டிரெய்லரில் ஏற்றி, பிளாக்கில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அது உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும், வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. டர்பனில் வளர்ந்த நமக்கு இந்தப் பயமே கிடையாது, அதனால்தான் இங்கே வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கோர் பிளக் வெளியே தள்ளியிருந்தால், "பிளக் போய் பிளாக்கைக் காப்பாற்றிவிட்டது" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், பிளக்கும் போகலாம் பிளாக்கும் போகலாம்.

பிளாக்கின் இரண்டு பக்கமும் கோர் பிளக் வரிசையை ஒட்டி பெயின்ட்டைச் சுரண்டுங்கள், வயர் பிரஷ் போதும். மயிரிழை விரிசல் நீளவாக்கில் ஓடும், சில நேரம் எபாக்சி பூசி மேலே புது பெயின்ட் அடித்திருப்பார்கள். சுரண்டும்போது இரும்பின் பளபளப்பு வராமல் சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தால் அது எபாக்சி. அப்புறம் இன்டேக்கைக் கழற்றி லிஃப்டர் பள்ளத்தையும் பாருங்கள், வெளியே சுத்தமாக இருந்து உள்ளே மட்டும் விரிந்த பிளாக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததற்கு காந்தப் பொடிச் சோதனையும் பிரஷர் டெஸ்டும் இருக்கின்றன, இந்த எஞ்சினுக்கு அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்த இரண்டு சோதனையிலும் தேறினால் கேள்வியே இல்லை, வால் அணை எஞ்சினைத்தான் எடுப்பேன், கடல் எஞ்சினைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும். விரிசல் இருந்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும், உப்பு தின்ற பிளாக் மட்டும் போரிங், பிஸ்டன், ரிங் என்று எல்லாச் செலவும் முடிந்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு ஓடிய கடல் எஞ்சின் கிடைத்தால் அது வேறு விஷயம், மேனிஃபோல்டை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

ஃபோர்டு 460 நல்ல கட்டுமஸ்தான எஞ்சின், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. படகுக்கான மேனிஃபோல்டும் மற்ற உதிரிகளும் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் முழுசாக, எதுவும் குறையாமல் கிடைத்தால் மட்டும் எடுங்கள். 429-க்கும் 460-க்கும் போர் ஒன்றுதான், 4.36 அங்குலம். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.59-ஆ 3.85-ஆ என்று வித்தியாசம். கிராங்கில் 2ஒய் அல்லது 3ஒய் என்று வார்ப்பில் இருந்தால் 460, 4யூ என்றால் 429.

இரட்டை எஞ்சின் படகிலிருந்து ஒற்றையாக வரும் செவியில் இன்னொரு வேலை இருக்கிறது. டைமிங் கவரைக் கழற்றினால் செயினுக்குப் பதில் இரண்டு கியர் நேராகக் கடித்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சின். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) வழக்கமான 1-8-4-3-6-5-7-2 அல்ல, 1-2-7-5-6-3-4-8. உங்கள் கியர்பாக்ஸும் புரொப்பல்லரும் அதற்கு ஒத்துவராவிட்டால் சும்மா கிடைத்தாலும் தலைவலி. வால் அணை எஞ்சினை எடுத்தவர்கள் கார்புரேட்டரையும் பிரித்து ஜெட் (பெட்ரோலை விடும் துளை) அளவைப் பாருங்கள். அங்கே காற்று மெலிசு என்பதால் சின்ன ஜெட் போட்டிருப்பார்கள், அதையே கடல் மட்டத்தில் ஃபுல் திராட்டிலில் ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் தலை வெந்துவிடும்.