வீட்டிலேயே கியர்பாக்ஸ் மாற்றம்: செகண்ட் ஹேண்ட் பெட்டியா, நம்ம பெட்டியையே பிரிப்பதா, பட்டறையில் விடுவதா?

ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியர், கையை எடுத்த மறுநொடி துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. பின்னால் லாரி வேறு. அதற்கு முன்பே ஆறு மாசமாகக் கோரிப்பாளையம் சிக்னலில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று கடிக்கும், நானும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி 796 சிசி ஆல்ட்டோ, ஐந்து கியர், லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியது. கடைசியில் திருநகரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வைத்து நானும் மச்சினனும்தான் பெட்டியை இறக்கி ஏற்றினோம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள் கடைகடையாக அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கோளாறு பெட்டிக்குள்தானா என்று பாருங்கள். எல்லா கியரும் கடித்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம், கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம். ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்த கியரின் சின்க்ரோ ரிங் (கியர் விழும்போது வேகத்தைச் சமன்செய்து கடிக்காமல் சேர்க்கும் வளையம்) தேய்ந்திருக்கும். வண்டியை நிறுத்திவைத்து என்ஜினை மட்டும் நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்ததும் நிற்கிற சத்தம் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங்; மிதித்தால்தான் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிப்பது). இந்த இரண்டு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் பெட்டி வாங்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

புதுப் பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலையைக் கேட்டேன், போனை வைத்துவிட்டேன். புது வண்டி, வாரன்டி இருக்கிறது என்றால் நீங்கள் இதைப் படிக்கவே வேண்டாம், நேரே ஷோரூமுக்குப் போங்கள்.

செகண்ட் ஹேண்ட் பெட்டி கேட்கும்போது இனிக்கும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது, காலையில் வாங்கி மாலையில் மாட்டி ஓட்டிவிடலாம். என்னிடம் மதுரையிலேயே ஒரு கடையில் 8,500 சொன்னார்கள், சென்னை புதுப்பேட்டையில் இன்னும் குறையும் என்றார் ஒருவர், ஆனால் பெட்டி சரியில்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப அவ்வளவு தூரம் யார் போவது? உள்ளூர்க் கடைப் பெட்டி பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்தது. எனக்கு அந்தப் பளபளப்புதான் உறுத்தியது. என்ஜினோடு சேரும் போல்ட் காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது, நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் உரிந்து கீழே வெல்டிங் தழும்பு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, லாரியே வெல்டிங்லதான் ஓடுது" என்றார் கடைக்காரர். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், டக் டக் என்று ஆடியது. சரிண்ணே, வீட்டில் கேட்டுட்டு வர்றேன் என்று நகர்ந்துவிட்டேன்.

அப்படியும் வாங்குவது என்றால் ஷாஃப்டை ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள், எந்தக் கியரிலாவது இடறினால் வேண்டாம். அடி நட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள்: மாவு மாதிரி சாம்பல் பொடி இருந்தால் சகஜம், நறநறவென்று துகள் தட்டுப்பட்டால் பல் போயிருக்கிறது. ஆயிலே இல்லாமல் துடைத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான். மாடல் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. ஆல்ட்டோ கே10 பெட்டி என் வண்டிக்கு ஆகாது, அது 998 சிசி, என்ஜினே வேறு. பழைய மாருதி 800 பெட்டியைக் காட்டினால் எத்தனை கியர் என்று பாருங்கள், அதில் நான்கு கியரும் உண்டு, ஐந்து கியரும் உண்டு. ஆர்.சி.யில் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் இருக்கும், பெட்டிக்கு நம்பர் தொந்தரவு இல்லை, ஆனாலும் பில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலிருந்து வந்த சாமான் என்று யாருக்குத் தெரியும்.

நம்ம பெட்டியையே பிரித்துச் சரிசெய்வதற்குத்தான் என் ஓட்டு. அதன் ஜாதகம் நமக்குத் தெரியும், எத்தனை கிலோமீட்டர், எப்போது ஆயில் மாற்றியது, எந்தக் கியர் கடித்தது எல்லாம். செகண்ட் ஹேண்டில் இன்னொருத்தர் கோளாறை 8,500 கொடுத்து வாங்கி வருவது போலத்தான். ஆனால் உள்வேலையை வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள். பேரிங்கை ஷாஃப்டிலிருந்து பிரஸ்ஸில் வைத்துத்தான் கழற்ற வேண்டும், சுத்தியலால் தட்டினால் புது பேரிங் மாட்டும்போதே பழசாகிவிடும். நாங்கள் இறக்கிய பெட்டியைச் சாக்கில் சுற்றி, மச்சினன் வண்டியின் டிக்கியில் போட்டு, கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் பழைய சின்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பு மேல் வைத்து அழுத்தித் திருப்பிக் காட்டினார், வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்பக்கம் இருக்க வேண்டிய மெல்லிய வரிகள் ஒன்றுமில்லை, மொட்டையாக இருந்தது. புது ரிங்கை வைத்து அதே மாதிரி திருப்பினார், கப்பென்று பிடித்தது. அரை மணி நேர விளக்கத்தில் புரியாதது அதில் புரிந்துவிட்டது. ரிங் இரண்டு, பேரிங் இரண்டு, சீல்கள், துள்ளி வந்த கியருக்கான ஸ்லீவ் (கியரைப் பூட்டிப் பிடிக்கும் வளையம்), அவர் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்துக்குப் பக்கம் ஆனது. கேசிங் உடைந்திருந்தாலோ, பல் முறிந்து உள்ளே சுற்றியிருந்தாலோ மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது செகண்ட் ஹேண்டே மேல்.

இப்போது இறக்கி ஏற்றும் வேலை. பட்டறையில் 3,500 கேட்டார்கள், ஒரே நாள், கவலை இல்லை. வீட்டில் எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, அதில் பாதி நேரம் ஒரே ஒரு போல்டோடு மல்லுக்கட்டியது. மிச்சம் பிடித்த காசில் பாதி ஜாக் ஸ்டாண்ட் இரண்டும் நல்ல சாக்கெட் செட்டும் வாங்கவே போய்விட்டது. ஸ்டாண்ட் வாங்கக் காசு இல்லை என்றால் வேலையைப் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கிக்கு அடியில் பலகை போடாததால் போர்ட்டிகோ டைல்ஸ் ஒன்று விரிந்தது, அதற்கு வீட்டில் வாங்கியது தனிக் கணக்கு.

வீட்டில் செய்வதில் எனக்குப் பிடித்தது, அவசரம் இல்லை என்பதுதான். ஆயிலை முதலில் வடித்துவிட்டுத்தான் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலை உருவினோம், மாற்றிச் செய்தால் தரை முழுக்க ஆயில். உருவிய ஆக்சிலைத் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினோம், தொங்கினால் ரப்பர் பூட் கிழியும். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தகரத் தொட்டியான ஆயில் சம்பில் நேரே ஜாக்கி வைத்தால் தகரம் நசுங்கும், நடுவில் மரக்கட்டை வேண்டும். கிளட்ச் பிளேட்டைப் பார்த்தால் ரிவிட் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது, பெட்டி எப்படியும் கீழே இருக்கிறது என்று பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினோம். அதே வேலையை இரண்டாவது தடவை செய்ய யாருக்கு மனசு வரும்?

ஏற்றுவதுதான் கஷ்டம். பெட்டி சின்னதாகத்தான் தெரியும், மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே பிடிக்கும்போதுதான் கனம் தெரியும். கிளட்ச் பிளேட் நடுவில் நிற்காவிட்டால் ஷாஃப்ட் நுழையவே நுழையாது. ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றுபோனது, நான் போல்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். "மச்சான், போல்டைத் தொடாதீங்க, காது உடைஞ்சுரும்" என்று கத்தினான் அவன். அவன் சொன்னது சரி, அலுமினியக் காது அப்படித்தான் உடைகிறது, கடையில் பார்த்த வெல்டிங் பெட்டிக்கும் அதுதான் நடந்திருக்கும். இறக்கி, பிளேட்டை மறுபடி நடுவில் நிறுத்தி, கியரில் போட்டு ஷாஃப்டை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினோம், 'டொப்' என்று உட்கார்ந்தது.

ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் லேசு, பின்சக்கர ஓட்டம் என்பதால் முன்னால் ஆக்சில் தொல்லை இல்லை, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் பெட்டி பின்பக்கமாக வந்துவிடும். பொலிரோ மாதிரி கனமான வண்டியை வீட்டில் தொடாதீர்கள், செயின் பிளாக்கும் நான்கு ஆளும் இருந்தால் வேறு விஷயம்.

கியர் ஆயில் 75டபிள்யூ-90 (அதன் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (அதன் ரகம்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் ஜிஎல்-5 எடுத்துக் கொடுத்து இது ஒசத்தி என்றார், ஆனால் அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சரக்கு பித்தளை சின்க்ரோ ரிங்குக்கு ஆகாது. இப்போதுதான் புது ரிங் போட்டிருக்கிறோம்.

போன வாரம் அதே கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு வேண்டுமென்றே கையை எடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் எடுக்கும்போது மகள்தான் பின்னாலிருந்து கத்தினாள், வெள்ளை லைட் எரியவில்லை என்று. பெட்டியில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் வயரை மாட்ட மறந்திருக்கிறோம். மேலிருந்தே கை எட்டும் என்கிறான் மச்சினன், அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.