முறத்தில் கொட்டிய மாத்திரைகள்

தை மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு இங்கிலாந்தில் லெஸ்டருக்குத் திரும்பியிருக்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் கோபிக்கும் நம்பியூருக்கும் நடுவில் எங்கள் ஊர். பொங்கல், ஒரு கல்யாணம், பத்திர ஆபீஸ் வேலை, அப்பாவின் பேங்க் கணக்கில் போன் நம்பர் மாற்றுவது என்று ஒரு பட்டியலோடு போனேன். எல்லாம் ஒருவழியாக முடிந்தது. ஆனால் இந்தத் தடவை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் பெண்ணைப் பற்றி, அவருக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி.

அப்பாவுக்கு 78 வயது. சர்க்கரையும் பிரஷரும் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. நான் போய் நாலாம் நாள் காலையில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. “ஏனுங்கய்யா, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தோளில் ஒரு பை; அதற்குள் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகள். பக்கத்து ஊர்க்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலராக வேலை பார்க்கிறார்.

வந்தவுடன் கருவியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அப்பாவைச் சுவரோரம் சாய்ந்து உட்காரச் சொன்னார். காலைத் தரையில் ஊன்ற வைத்தார், ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தீர்களா, காப்பி குடித்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம்தான் கையை நெஞ்சு மட்டத்துக்கு ஒரு தலையணை மேல் வைத்துப் பட்டையைச் சுற்றினார். லெஸ்டரில் என் டாக்டர் இடத்தில்கூடச் சில சமயம் இந்த ஐந்து நிமிஷம் கிடைப்பதில்லை. நானும் சர்க்கரைக்காரிதான், அதனால் இதெல்லாம் கவனிப்பேன்.

பிரஷர் பரவாயில்லை. அப்பா எழுந்திருக்கப் போனார். அம்மா பேச்சுவாக்கில், “ஒரு மாசமா வெடியால எந்திரிச்சா மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது கண்ணு, கையி நடுங்குது. பித்தமா இருக்குமுன்னு சீரகத் தண்ணி வெச்சுக் குடுக்கறேன்” என்றார். நானும் நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் பையை மூடினார். “ஆத்தா, ஊட்ல இருக்கற மாத்திர அத்தனையும் எடுத்துட்டு வாங்க. தீந்துபோன அட்டையா இருந்தாலும் சரி” என்றார். அம்மா ஒரு முறத்தைக் கொண்டுவந்து அதில் கொட்டினார். பீரோ, அடுப்பங்கரை அலமாரி, அப்பாவின் தலைமாட்டுப் பெட்டி என்று மூன்று இடத்திலிருந்து வந்தவை. அந்தப் பெண் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரே மருந்து இருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கடைசியில் முறத்தில் இரண்டு அடுக்கு. ஒன்று பிரஷருக்கான அம்லோடிபின். இன்னொன்றில் சர்க்கரைக்கு அரசு கொடுத்த மெட்ஃபார்மின் அட்டையும், டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை எழுதிக் கொடுத்த வேறு பெயர் போட்ட அட்டையும். அந்த இரண்டாவது அட்டைக்குள்ளும் மெட்ஃபார்மின் இருந்தது, கூடவே கிளிமெபிரைடு என்ற மருந்தும்.

அப்பா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். “ரெண்டுமே டாக்டரு குடுத்ததுதான?” என்றார். தப்பு அவருடையது என்று சொல்ல முடியாது. கிளிமெபிரைடு கணையத்தை உந்தி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து; சரியாகச் சாப்பிடாத ராத்திரிக்குப் பிறகு சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடும். வேர்வையும் நடுக்கமும் அதனால்தான் இருக்க வேண்டும். டவுனில் மருந்து எழுதியவர்கள், ஏற்கனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு அட்டையையும் போட்டோ எடுத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸுக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் போனில் வந்தார். தனியார் மருத்துவமனை கொடுத்ததை இன்றைக்குப் போட வேண்டாம், காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். போவதற்கு முன்னால் அந்தப் பெண் அம்மாவுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். மறுபடி வேர்த்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்று. சொன்னதோடு விடவில்லை, அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அம்மா இரண்டாம் தடவைதான் சரியாகச் சொன்னார்.

டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தி மருந்தை மாற்றினார். அந்த வாரத்துக்குள் காலை வேர்வை நின்றது.

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்கக்கா. வர்ற வெசாழக்கெழம இன்னொண்ணு இருக்குது, வந்து பாக்கறீங்களா?” என்றார். மெடிக்கல் ஆபீசரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இருபது இருபத்தைந்து பெண்கள். பாடம் நடத்தியவர் சீனியர் நர்ஸ் ஒருவர். படம் போட்டுக் காட்டியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஜோடி ஜோடியாகச் செய்து பார்த்தார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் தன்னார்வலர். நோயாளியாக நடித்தவர், “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போயிட்டு வா சாமி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அச்சு அசல் எங்கள் அப்பா. எதிரில் இருந்தவர் “மாத்திர போட்டீங்களா?” என்று கேட்டார். நர்ஸ் அங்கே நிறுத்தினார். அப்படிக் கேட்டால் எல்லாரும் போட்டேன் என்றுதான் சொல்வார்கள். “எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போறது சகஜந்தான், இந்த வாரம் எத்தன வேள விட்டுப்போச்சுங்க?” என்று கேளுங்கள் என்றார். அத்தனை பேரையும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வைத்தார். அப்புறம் கால். விரல் இடுக்கில் புண், வெடிப்பு, நிறமாற்றம் பார்ப்பது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது. கடலைக் காட்டில் வெறுங்காலோடு நடக்கிற எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு முள் குத்தியதில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் காலை அதற்கு முன்னால் ஒருவரும் பார்த்ததில்லை.

திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை, தேவைப்பட்டவர்களுக்கு இயன்முறை மருத்துவம், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் தணிப்புச் சிகிச்சை என்று போகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் எண்ணம் பழையது. மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற ஊரில் ரஜனிகாந்த் ஆரோளேவும் மேபல் ஆரோளேவும் 1970-லேயே ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பிரசவமும் குழந்தைகளும் பெரிய கவலை. இன்றைக்கு 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி பேர். முப்பது நாற்பது வருஷம் கூடவே இருக்கும் நோய் இது. அத்தனை பேரையும் அத்தனை வருஷம் டாக்டர்கள் மட்டுமே பார்த்துக்கொள்வது நடக்காது.

லெஸ்டரில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டெஸ்மண்ட் என்ற வகுப்புக்கு அனுப்பினார்கள். ஆறு மணி நேரம், நோயாளிகளுக்கே. அதில் யாரும் இதைச் சாப்பிடாதே என்று அதட்டவில்லை; எங்களையே யோசிக்க வைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு நேரான வகுப்பு நோயாளிகளுக்கு நடந்து நான் பார்க்கவில்லை. அந்தக் குறையை இந்தப் பெண்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பத்து நிமிஷமாக நிரப்புகிறார்கள். அதனால்தான் அவர்களுக்குப் பயிற்சி அடிக்கடி வேண்டும் என்கிறேன். இன்சுலின் போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது, எங்கள் பக்கத்து ‘அரிசியும் பருப்பும்’ சாதத்தை விட்டுவிடாமல் அளவைக் குறைப்பது, கூடவே மனசு. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வயசானவர்கள் மாத்திரையை விடுவதற்குப் பாதிக் காரணம் சலிப்பு. அதைக் கேட்டு வாங்கவும் பழக்கம் வேண்டும்.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகைதான் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட பணியாளர்களுக்குச் செய்யும் வேலைக்கு ஏற்ற ஊதியமும் எழுத்தில் ஒப்பந்தமும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர் அவர் என்றே நான் நினைக்கிறேன். அவருக்கு நிரந்தரமான, கௌரவமான சம்பளம் வர வேண்டும்.

அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் செய்யுங்கள். இங்கிருந்து குளுக்கோமீட்டர் வாங்கிப் போகாதீர்கள். நான் கொண்டுபோனதற்கு ரத்தச் சொட்டு வைக்கும் பட்டை எங்கள் பக்கம் கிடைக்கவில்லை, அலமாரியில் கிடக்கிறது. ஈரோட்டிலோ கோபியிலோ வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, வீட்டில் இருக்கும் மாத்திரை முழுவதையும் ஒரு நாள் முறத்தில் கொட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது நான் அப்பாவிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பதில்லை. “இந்த வாரம் எத்தன வேள விட்டுப்போச்சுங்கப்பா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “ரெண்டு வேள, கண்ணு. சந்தைக்குப் போன அன்னிக்கு” என்றார். பதினாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.