பிஎச்பியின் சிம்பிள்எக்ஸ்எம்எல்: தொடக்கநிலை நிரலாளர்களுக்கான ஒரு மதிப்பீடு

வேறொரு தளம் வெளியிடும் செய்தித் தலைப்புகளையோ பொருட்பட்டியலையோ எடுத்துத் தம் வலைப்பக்கத்தில் காட்ட விரும்பும் புதிய நிரலாளர், தகவல்களைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கித் தரும் எக்ஸ்எம்எல் வடிவத்தை முதன்முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும், புதிய செய்திகளைப் பட்டியலாகத் தரும் ஓர் ஆர்எஸ்எஸ் செய்தியோடையின் வழியாகத்தான். அதைப் பிரித்துப் படிக்க, வலைநிரலாக்க மொழியான பிஎச்பியில் டாம், எக்ஸ்எம்எல்ரீடர் எனப் பல கருவிகள் இருந்தாலும், 2004-இல் பிஎச்பி 5 உடன் வந்த சிம்பிள்எக்ஸ்எம்எல்லைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், தவறு நேரும் இடங்களில் வாய் திறக்காமல் இருந்துவிடும் இதன் இயல்பைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளாதவர், வெற்றுத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

நிறுவுவதற்குப் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் சேவையகங்களில் பிஎச்பியின் எக்ஸ்எம்எல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாவிட்டால், நாம் அழைக்கும் செயற்கூறே (ஃபங்ஷன்) வரையறுக்கப்படவில்லை என்ற பிழைச்செய்தி வரும்.

இதன் சிறப்பு, ஆவணத்தின் அமைப்பு அப்படியே நிரலின் அமைப்பாக மாறிவிடுவதில் இருக்கிறது. ஓர் ஆர்எஸ்எஸ் கோப்பில் 'சேனல்' என்ற உறுப்பும், அதற்குள் 'ஐட்டம்' என்ற உறுப்புகள் பலவும், ஒவ்வொரு ஐட்டத்துக்குள்ளும் தலைப்பு, இணைப்பு, வெளியான தேதி ஆகியவையும் இருக்கும். கோப்பை ஏற்றி ஒரு மாறியில் வைத்த பின், அம்புக்குறி இட்டுச் சேனல், மீண்டும் அம்புக்குறி இட்டு ஐட்டம் என்று எழுதி, அதை 'ஃபோர்ஈச்' சுழலில் கொடுத்தால் போதும். செய்திகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துவிடும். ஐட்டம் ஒன்றே ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் அதே சுழல் மாற்றமின்றி வேலை செய்யும். உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதப்படும் பண்புகளைப் பெற, அணிவரிசையில் எழுதுவதுபோல் சதுர அடைப்புக்குறிக்குள் பண்பின் பெயரை எழுதலாம். டாம் வழியில் இதே வேலைக்கு இரண்டு மடங்கு வரிகளாவது தேவைப்படும்.

புதியவர்கள் முதலில் இடறும் இடம் வேர் உறுப்பு. ஏற்றப்பட்ட மாறியே 'ஆர்எஸ்எஸ்' என்ற வேர் உறுப்பைத்தான் குறிக்கிறது. ஆகவே அம்புக்குறிக்குப் பின் மீண்டும் ஆர்எஸ்எஸ் என்று எழுதினால், வேருக்குள் இன்னொரு வேரைத் தேடுவதாகிவிடும். செய்தி ஒன்றுகூடக் கிடைக்காது. உறுப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் நிலை இதுதான்: இல்லாத உறுப்பைக் கேட்டால் இக்கருவி எச்சரிக்கை எதுவும் தராமல் வெறுமையைத் திருப்பித் தருகிறது.

அடுத்தது, இக்கருவி தருவது சரம் (வெறும் எழுத்துத்தொடர்) அன்று, ஆப்ஜெக்ட் என்பது. தலைப்பை 'எக்கோ' செய்து பார்க்கும்போது எழுத்துகளே தெரிவதால் அதைச் சரம் என்று எவரும் நம்பிவிடுவார்கள். அதையே மும்மைச் சமக்குறியால் (===) ஒரு சரத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றே வரும். அணிவரிசையின் திறவுகோலாகப் பயன்படுத்தினால் பிழை எழும். பார்வையாளருக்கான தற்காலிகச் சேமிப்பான செஷனில் சேமிக்க முயன்றால், இந்த வகை ஆப்ஜெக்டைத் தொடராக்க (சேமிக்கத்தக்க உரையாக மாற்ற) அனுமதி இல்லை என்று பிஎச்பி மறுத்துவிடும். மதிப்பை எடுக்கும் இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஸ்ட்ரிங்' என்று முன்னொட்டிச் சரமாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லைகளைத் தீர்த்துவிடும்.

என் மதிப்பீட்டில் இக்கருவி மிகவும் பின்தங்குவது, உறுப்புகளின் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் பெயர்வெளிகளைக் கையாளும் விதத்தில்தான். இன்றைய செய்தியோடைகளில் எழுதியவரின் பெயர் டப்ளின் கோர் பெயர்வெளியிலும், படங்கள் மீடியா பெயர்வெளியிலும் முக்காற்புள்ளியோடு கூடிய பெயர்களில் வருகின்றன. அவை சாதாரண அம்புக்குறிக்கு அகப்படமாட்டா. ஆப்ஜெக்டில் என்ன இருக்கிறது என்று 'பிரிண்ட் ஆர்' மூலம் அச்சிட்டுப் பார்த்தாலும் தென்படமாட்டா. மூலக் கோப்பில் கண்ணெதிரே இருக்கும் உறுப்பு நிரலுக்குள் காணாமல் போவதைக் கண்டு தம் சேவையகத்தையே சந்தேகிப்பவர்கள் உண்டு. 'சில்ட்ரன்' என்ற செயற்கூற்றுக்குப் பெயர்வெளியின் முகவரியைக் கொடுத்தால் அவை வெளிவரும். முக்காற்புள்ளிக்கு முன் வரும் முன்னொட்டைக் கொடுத்தும் பெறலாம். ஆனால் முன்னொட்டு வெளியிடுபவர் விருப்பப்படி மாறக்கூடியது, முகவரி மாறாதது. ஆகவே முகவரியையே கொடுப்பது நல்லது. சிக்கல் இதோடு தீர்வதில்லை. மீடியா பெயர்வெளிக்குள் நுழைந்து சிறுபட உறுப்பைப் பிடித்த பின், படத்தின் இணைய முகவரியைக் கொண்ட பண்பைச் சதுர அடைப்புக்குறியால் கேட்டால் வெறுமைதான் கிடைக்கும், ஏனெனில் இப்போது பண்பும் அதே பெயர்வெளியில் தேடப்படுகிறது. அந்தப் பண்போ எந்தப் பெயர்வெளியையும் சேராதது. 'ஆட்ரிபியூட்ஸ்' செயற்கூற்றை வெறுமனே அழைத்து அதன் வழியாகக் கேட்க வேண்டும். எளிமை என்பதைப் பெயரிலேயே கொண்ட ஒரு கருவி இந்த இடத்தில் இவ்வளவு நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகத் தெரியவில்லை.

ஆர்எஸ்எஸ் போன்ற மற்றொரு வடிவமான ஆட்டம் (Atom) வகைச் செய்தியோடைகளிலும் இதன் சாயல் உண்டு. அங்கே 'என்ட்ரி' உறுப்புகள் அம்புக்குறிக்குக் கிடைத்துவிடும்; உறுப்புகளைப் பாதை எழுதித் தேடும் எக்ஸ்பாத்தில் அதே பெயரை நேராகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முன்னொட்டில்லாத இயல்பான பெயர்வெளிக்கு நாமே ஒரு முன்னொட்டைப் பதிவு செய்துவிட்டுத் தேட வேண்டும்.

பிழையுள்ள கோப்புகளைப் பொறுத்தவரை இதன் கண்டிப்பை நான் வரவேற்கிறேன். தலைப்பில் 'ஆம்பர்சாண்ட்' (&) குறி குறியீடாக மாற்றப்படாமல் தனியாக நின்றாலும், எச்டிஎம்எல்லில் மட்டும் செல்லுபடியாகும் இடைவெளிக் குறியீடு நுழைந்துவிட்டாலும் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்பட்டு, 'ஃபால்ஸ்' என்ற மதிப்பு திரும்பும். கூடவே எச்சரிக்கைகள் பார்வையாளரின் திரையிலேயே கொட்டக்கூடும். இக்கருவிக்கு அடியில் இயங்கும் லிப்எக்ஸ்எம்எல் நூலகத்தின் உள்பிழைச் சேமிப்பை முன்கூட்டியே இயக்கிவிட்டால், எந்த வரியில், எந்த நெடுவரிசையில், என்ன பிழை என்பதைப் பட்டியலாகப் பெற்றுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். ஏற்றம் வெற்றி பெற்றதா என்பதை மும்மைச் சமக்குறியால் ஃபால்ஸோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். ஏனெனில் உள்ளடக்கமும் பண்புகளும் இல்லாத வெற்று உறுப்பும் நிபந்தனையில் பொய்யாகவே கொள்ளப்படும்.

இணைய முகவரியை நேரடியாகக் கொடுத்துக் கோப்பை ஏற்றும் வசதியை நான் பரிந்துரைக்கமாட்டேன். எதிர்ச் சேவையகம் பதிலளிக்காவிட்டால், பிஎச்பியின் இயல்பமைப்பில் 60 வினாடிகள் வரை நம் பக்கம் காத்து நிற்கும். பதிவிறக்கக் கருவியான கர்ல் மூலம் குறுகிய காலவரம்போடு பதிவிறக்கி, அந்த எக்ஸ்எம்எல் உரையைக் கோப்பாகச் சேமித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் புதுப்பித்து, சேமித்த உரையிலிருந்து ஏற்றுவதே முறையானது. செய்தியோடையை வழங்குபவரின் சேவையகத்தை நாம் ஓயாமல் தட்டாமல் இருப்பதும் ஒரு மரியாதை. பிறர் தரும் உரையைப் பக்கத்தில் காட்டும்போது 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் கேரக்டர்ஸ்' செயற்கூற்றின் வழியே செலுத்துவதைத் தவிர்க்கவே கூடாது. வேறு கோப்பின் உள்ளடக்கத்தைச் சுட்டி இழுக்கும் வெளிப்புற என்டிட்டிகள் வழியாகச் சேவையகத்தின் கோப்புகளைப் படிக்கும் தாக்குதலை லிப்எக்ஸ்எம்எல் 2.9 முதல் இயல்பாகவே தடுக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் என்டிட்டிகளை விரித்துத் தரும் 'நோஎன்ட்' என்ற விருப்பம் இருந்தால் அதை நீக்கிவிட்டே பயன்படுத்துங்கள், ஏனெனில் அது அந்தக் கதவை மீண்டும் திறந்துவிடும்.

தமிழ் உரையைப் பற்றிய கவலை வேண்டாம். மூலக் கோப்பு தன் குறியாக்கத்தைச் சரியாக அறிவித்திருந்தால், அது எதுவாயினும் மதிப்புகள் யுடிஎஃப்-8 ஆகவே வெளிவரும்.

அளவு மட்டும் இதன் எல்லையைத் தீர்மானிக்கிறது. முழு ஆவணத்தையும் மரமாக நினைவகத்தில் கட்டிய பின்னரே இது வேலை தொடங்குகிறது. செய்தியோடைகளுக்கு அது பொருட்டே அன்று. நூற்றுக்கணக்கான மெகாபைட் கொண்ட பொருட்பட்டியலுக்கோ நினைவகம் போதாமல் நிரல் பாதியில் நின்றுவிடக்கூடும். அத்தகைய கோப்புகளுக்கு எக்ஸ்எம்எல்ரீடரால் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு நகர்ந்து, தேவையான உறுப்பை மட்டும் வெளியே எடுத்து, அந்தச் சிறு துண்டைச் சிம்பிள்எக்ஸ்எம்எல்லிடம் ஒப்படைக்கலாம். இங்கே கற்ற அம்புக்குறியும் சுழலும் அங்கும் அப்படியே பயன்படும்.