இன்லைன் மஸில்லோடர்: துல்லியத்தில் குறை இல்லை, பிரீச் பிளக்தான் தலைவலி

"உங்ககிட்ட இருக்கிற அதே மாடல் விலை இறங்கியிருக்கு, அக்டோபர் சீசனுக்கு வாங்கிடலாமா?" என்று என் இன்லைன் மஸில்லோடரைப் பற்றி, அதாவது மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகக் கெட்டிக்கும் மான்வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி, நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. என் துப்பாக்கி போன மாதம்தான் கன்ஸ்மித்திடமிருந்து (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) திரும்பி வந்திருக்கிறது. அந்தச் செலவின் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.

50 காலிபர் (அரை அங்குலக் குழல்), மருந்தைப் பற்றவைக்க 209 பிரைமர் என்ற சிறு வெடிமூடி, குழலுக்குள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு, மேலே ஒரு ஸ்கோப். இதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும். பென்சில்வேனியா மலைக்காடுகளில் பல சீசன்களாக இதைச் சுமந்திருக்கிறேன். மழை, பனி, ஈரம் சொட்டும் அக்டோபர் காலை எல்லாம் பார்த்தாகிவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. சுடுவதில் இந்தத் துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அளவுக்கலத்தில் 100 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அலகு) வெடிமருந்து, 250 கிரெயின் சாபட் குண்டு, அதாவது பிளாஸ்டிக் உறையில் உட்கார்ந்த குண்டு. வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகம் வரும். நூறு கஜத்தில் குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழும். டிரிகர் சட்டென்று விடுபடும், இழுவை கிடையாது. எடையும் தோளுக்கு இதம். நூற்றைம்பது கஜம் வரை போகலாம் என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நான் நூறைத் தாண்டிச் சுடுவதில்லை. ஒரே குண்டுதான் இருக்கிறது, அடுத்ததைக் கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காயம்பட்ட மான் எங்கேயோ போய்விடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

சரி, பிரீச் பிளக்குக்கு வருவோம்.

பழைய பக்கவாட்டு லாக் துப்பாக்கிகளில் (பற்றவைக்கும் பொறியமைப்பு பக்கவாட்டில் இருப்பவை) குழலின் பின்முனை நிரந்தரமாக மூடியிருக்கும். மருந்து, குண்டு, கழுவும் தண்ணீர் எல்லாமே வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். 1985-ல் மிசூரிக்காரரான டோனி நைட் எம்கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகுதான் இன்லைன் பரவலானது. நெருப்பு பக்கத்திலிருந்து வராமல் மருந்துக்கு நேர் பின்னாலிருந்து வரும். பின்முனையில் மரை போட்ட ஒரு பிளக். அதைக் கழற்றினால் குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வெளிச்சம் தெரியும். கழுவுவது சுலபம், துரு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக, சுடாமல் வீடு திரும்பும் நாளில் கெட்டித்த மருந்தையும் குண்டையும் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடலாம். இன்லைன் வாங்குகிறவன் காசு கொடுப்பதே இதற்காகத்தான். கழன்று வர வேண்டியது அதன் ஒரே வேலை. என்னுடையது அந்த ஒரு வேலையைத்தான் செய்ய மறுக்கிறது.

ஏன் இறுகுகிறது என்று கழற்றிப் பார்த்தால் தெரியும். பிரைமர் அதன் குழிக்குள் கச்சிதமாக உட்காருவதில்லை, ஒரு மயிரிழை இடைவெளி. ஒவ்வொரு வேட்டுக்கும் சூடான வாயு அந்த இடைவெளியில் பின்னோக்கிப் பீறிட்டு, கரியை மரைக்குள் ஏற்றுகிறது. முன்பக்கமிருந்தும் மருந்துக் கரி மரையின் முதல் சுற்றுகளுக்குள் புகுகிறது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, அந்தக் கரி கல்லாகிவிடும். சாவியை மாட்டித் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்தினால் 'க்ரீச்' என்று ஒரு சத்தம், நகர்ந்தது பிளக்கா அறுகோணத் தலையா என்று தெரியாது. என் துப்பாக்கியில் நகர்ந்தது தலைதான். சாவி நன்றாகப் பொருந்தியிருக்கும்போதே மூலைகள் மழுங்கிப் பளபளவென்று உருண்டுவிட்டன. அவ்வளவு மெத்தான உலோகத்தை அந்த இடத்தில் வைக்க ஒருவருக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கன்ஸ்மித் ஊடுருவும் எண்ணெயில் ஊறவைத்து, சூடுகாட்டி, பொறுமையாகக் கழற்றி, புது பிளக் போட்டுக் கொடுத்தார். நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. விலை இறங்கியதில் நண்பருக்கு மிச்சமாகும் தொகையும் கிட்டத்தட்ட அதேதான்.

அப்படியே விட்டுவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால், மஸில்லோடர் அதற்கு இடம் கொடுக்காது. கரிமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய கலவை. எரிந்தபின் குழலில் மிஞ்சும் பொட்டாசியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான ராத்திரி ஒன்று போதும், காலையில் குழலுக்குள் பழுப்பு படிந்திருக்கும். கரிமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸ் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். அதிலுள்ள பெர்குளோரேட் எரிந்து குளோரைடு உப்பாக மிஞ்சும், அது இரும்பைத் தின்னும். கழுவும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தின் கொடை. வீட்டுக்குள் கழுவினால் யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொரு மாற்று மருந்தான டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, நாற்றமும் இல்லை, வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். ஆனால் குண்டு உட்காரும் இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கரி வளையம் கட்டிவிடும். இரண்டாவது குண்டு அந்த வளையத்தில் தட்டி நிற்கும், உட்கார்ந்துவிட்டது என்று கை நினைக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் காற்று இருந்தால், குழலுக்குள் அடைப்பை வைத்துச் சுட்டதற்குச் சமம். குழல் வெடித்துப் பிளந்துபோகலாம். அதனால்தான் ராம்ராடில் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோல்) கோடு போடச் சொல்கிறார்கள். வெற்றுக் குழலில் எதுவரை இறங்குகிறது என்று ஒரு கோடு, சரியாகக் கெட்டித்தபின் எங்கே நிற்கிறது என்று இன்னொரு கோடு. இரண்டாவது கோடு வாய் விளிம்புக்கு வராவிட்டால் பிரைமரைத் தொடக்கூடாது.

நான் கடைசியில் வந்து நின்றது பிளாக்ஹார்ன் 209-ல். புகையில்லா மருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் வகை மருந்து, விலை அதிகம், ஆனால் வளையம் இல்லை, இரண்டு வேட்டுக்கு நடுவில் துடைக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு மசியாது, கரைப்பான் வேண்டும். கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 100 கிரெயின் என்பது கன அளவு, தராசில் அது சுமார் 70 கிரெயின்தான். தராசில் 100 நிறுத்துப் போடுகிறவர் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு போடுகிறார். அப்புறம், இதைப் பார்த்துவிட்டு எந்தப் புகையில்லா மருந்தும் போடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோட்டாவுக்கான சாதாரணப் புகையில்லா மருந்தை மஸில்லோடரில் போட்டால் கை போகும், கண் போகும், உயிரும் போகலாம்.

இந்த மருந்துக்கு மாறியதும் பிளக் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். பாதிதான் தீர்ந்தது. மரை கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பிளக்கின் நெருப்புப் பாதையில் கரி ஏறிக்கொண்டே வரும், எந்தக் கரைப்பானுக்கும் அது அசையாது. கால் அங்குலத்தில் பாதி அளவுள்ள துளையிடும் பிட் ஒன்றை விரலால் பிடித்து மெதுவாகத் திருகினால், மணல் மாதிரி கறுப்புப் பொடி உதிரும். முன்முனையில் உள்ள நெருப்புத் துளை ஏறக்குறைய 0.030 அங்குலம். அந்தத் துளைக்குள் பிட் போகக்கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அழுத்தம் பின்பக்கம் தாவும், பிளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

கெட்டிப்பதற்கு முன் குழலில் உள்ள எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும். உலர்ந்த துணித்துண்டு கறையில்லாமல் வரும்வரை விட்டு எடுத்து, குழலைப் பத்திரமான திசையில் காட்டி ஒரு பிரைமரை மட்டும் வெடித்தால் நெருப்புத் துளையில் மிஞ்சிய எண்ணெயும் எரிந்துபோகும். பிறகு மருந்து, குண்டு, சீரான ஒரே அழுத்தம். குண்டின் தலையில் ராம்ராடால் ஓங்கி ஓங்கிக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு பயனும் இல்லை. குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தால் குடுவை முழுவதும் கையில் வெடிக்கும். பிரைமர் கடைசியில், மானுக்காகக் காத்திருக்கும் இடத்தில் நாம் போய் உட்கார்ந்த பிறகு.

இனி காடு. இங்கேதான் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அக்டோபரில் பென்சில்வேனியாவில் மஸில்லோடருக்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்குகிறார்கள், பெட்டை மானுக்கு மட்டும். பொது உரிமத்தோடு மஸில்லோடர் உரிமமும் பெட்டை மான் அனுமதியும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கிற நேரம். நவம்பர் ரைபிள் கூட்டம் இன்னும் வரவில்லை, வெள்ளைவால் மான்கள் தங்கள் பழைய தடத்திலேயே நடக்கும். கையில் ஒரே வேட்டு என்பதால் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. எத்தனை கிளை குறுக்கே, காற்று எந்தப் பக்கம், மான் தோளைக் காட்டுகிறதா முகத்தைக் காட்டுகிறதா என்று கண் தானாகவே அளக்கத் தொடங்கும். ரைபிளோடு உட்கார்ந்திருந்தபோது நான் இத்தனையும் பார்த்ததில்லை. பல காலைகளில் மான் வந்து, மேய்ந்து, போய்விட்டிருக்கிறது. கோணம் சரியாக வரவில்லை, நான் சுடவில்லை. அந்தக் காலைகளை வீணானதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

சுட்டால் முதலில் தெரிவது புகைதான். கரிமருந்து அளவுக்கு பிளாக்ஹார்ன் புகையாது என்றாலும், காற்றில்லாத குளிர்ந்த காலையில் அது எழும்பாமல் முகத்துக்கு நேரே தொங்கும். மான் விழுந்ததா, எந்தப் பக்கம் ஓடியது, ஒன்றும் தெரியாது. காதைத்தான் நம்ப வேண்டும். சருகில் குளம்புச் சத்தம் எந்தத் திசையில் தேய்ந்தது, கடைசியாக எங்கே ஒரு கிளை முறிந்தது என்று மனசில் குறித்துக்கொண்டு, இடத்தை விட்டு அசையாமல் அடுத்ததைக் கெட்டித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மான் நின்ற இடத்துக்குப் போய் முடியையும் ரத்தத்தையும் தேட வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். மானை நகர்த்துவதற்கு முன் உரிமத்தோடு வரும் சீட்டை எழுதி அதில் கட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா, குறைந்தது ஒரு நிமிடம் குழலைப் பத்திரமான திசையிலேயே பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பது மஸில்லோடரில் உண்டு.

சுடாமல் திரும்பும் நாள்தான் என் வயிற்றெரிச்சல். பிரைமரை எடுத்துவிட்டால் காரில் வைப்பதற்குச் சட்டப்படி லோடு இல்லாத துப்பாக்கிதான். ஆனால் உள்ளே மருந்து இருக்கிறது. குளிரிலிருந்து கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழல் வியர்த்து மருந்து நனையும். வெளியே குளிரிலேயே விடலாம் என்றால், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த எண்ணமே தூங்கவிடாது. அந்த நேரத்துக்குத்தான் பிளக், அந்த நேரத்தில்தான் அது நகராது. குளிரில் விரல் விறைக்க, சாவியோடு மல்லுக்கட்டி, கடைசியில் பிரைமர் குழியில் காற்றழுத்தக் கருவியை வைத்து வாய்வழியாகத் தள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய பக்கவாட்டு லாக் துப்பாக்கிக்கும் அதே கருவிதானே! அப்புறம் இன்லைனுக்கு எதற்குக் காசு?

புது பிளக் வந்தபின் நான் செய்வது இவ்வளவுதான். மரையில் இறுகல் தடுக்கும் பசையைத் தாராளமாகத் தடவுகிறேன், பிரைமர் குழியில் சன்னமான ரப்பர் வளையம் ஒன்று வைக்கிறேன். சுடும் களத்தில் நாலைந்து வேட்டுக்குப் பிறகு, துப்பாக்கி காலியாக இருக்கும்போது, பிளக்கைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்குகிறேன். இப்போதைக்குக் கழல்கிறது. ஆனால் இவ்வளவு தாஜா செய்தால்தான் கழலும் என்றால் அதை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். இன்னும் ஐம்பது டாலர் இறங்கினாலும் வேண்டாம். கையாலேயே கழலும் பிளக் வைத்த மாடல்கள் சந்தையில் இருக்கின்றன, கொஞ்சம் கூடப் போட்டு அதை வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பிளிண்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றவைக்கும் பழைய வகை) சீசனுக்கும் போவதாக இருந்தால், அந்தச் சீசனில் இன்லைனுக்கு அனுமதியே கிடையாது. வெந்நீரும் சோப்பும் போதும் என்கிற பிளிண்ட்லாக் ஒன்றையே வாங்கி இரண்டு சீசனுக்கும் வைத்துக்கொள்ளலாம். "அப்போ உங்களோடதை எனக்குக் கொடுத்திடுங்க" என்று கேட்காதீர்கள், கொடுக்கமாட்டேன். நூறு கஜத்தில் அதன் குண்டு விழும் இடத்தில் வேறெந்தத் துப்பாக்கியின் குண்டும் எனக்கு விழுந்ததில்லை.

எவ்வளவு சொல்லியும் அதைத்தான் வாங்குவேன் என்றால், கடையிலேயே பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரைமரைப் போட்டுப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார். வெடித்த பழைய பிரைமர் ஒன்றைப் பையில் கொண்டுபோய்க் குழியில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் துப்பாக்கியைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆடவில்லை என்றால், அன்றைக்கே உபரி பிளக் ஒன்றையும் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.