தனித்து வளர்ப்பதா, கூடி வளர்ப்பதா? செரங்கெட்டித் தாய்ச் சிங்கங்களின் இரு வழிகள்

ஈன்ற குட்டிகளைப் பெண் சிங்கம் தனியே வளர்ப்பது நல்லதா, கூட்டத்தின் பிற தாய்களோடு சேர்ந்து வளர்ப்பது நல்லதா என்று கேட்போர்க்குத் தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளி இரண்டையும் காட்டுகிறது.

மறைவு
தனித்த தாய்: சுமார் 110 நாள் சினைக்காலம் முடிந்ததும் புதரிலோ பாறை இடுக்கிலோ ஈன்று, குட்டிகளை வாயில் கவ்வி அவ்வப்போது இடம் மாற்றுகிறது.
கூட்டு வளர்ப்பு: இந்த ஒளிவு இல்லை.

பால்
தனித்த தாய்: தன் குட்டிகளுக்கு மட்டுமே.
கூட்டு வளர்ப்பு: பிற குட்டிகளும் குடிக்கும். இதை முழுத் தாராளம் என்று சொல்லிவிட முடியாது. தாய் உறங்கும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாகக் குடிக்கும் குட்டிகளும் உண்டு.

பாதுகாப்பு
என் பார்வையில் தீர்மானிக்கும் அளவுகோல் இதுவே. கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றும் ஆண்கள் முந்தைய ஆண்களின் குட்டிகளைக் கொன்றுவிடும். உடல் பருமனில் மிஞ்சிய ஆணைத் தனித்த தாய் தடுப்பது அரிது என்றாலும், சில தாய்கள் சேர்ந்து எதிர்க்கும்போது குட்டிகளில் சிலவாவது பிழைக்கின்றன என்பதைக் கிரெய்க் பேக்கர், ஆன் பியூசி ஆகியோரின் நீண்டகால ஆய்வு காட்டியது.

ஆகவே முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தனிமையும், அதன்பின் கூட்டமும் பொருந்தும். ஒத்த வயதுக் குட்டிகளை உடைய வேறு தாய் இல்லாதபோது தனிமையே தொடர்கிறது.