பேஸ்பால் பேட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 18,500 ரூபாய் போச்சு

18,500 ரூபாய். ஈரோட்டில் மஞ்சள் போட்ட காசிலிருந்து அப்பா எண்ணிக் கொடுத்தது. அதை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, ஸ்டிக்கர் சுற்றிய ஒரு அலுமினிய பேட்டை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார் கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர். கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கல்லூரி டீமுக்கு ஆடுகிற பசங்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என் தம்பி கல்லூரி டீமில் நாலாவதாக இறங்குகிறவன். நல்ல தேகம், பந்து பட்டால் தூரம் போகும். டீமில் இருக்கிற பேட் அவனுக்கு இலேசு. முனையில் கனம் வைத்த ஹைப்ரிட் பேட் ஒன்று வாங்கச் சொன்னார் அவன் கோச். எண்ட் லோடட் என்பார்கள். எடை முனைப் பக்கம் கூடுதலாக இருப்பதால் சுழற்றுவது கடினம், ஆனால் தெம்புள்ளவன் சுழற்றிவிட்டால் அடி பலமாக விழும். ஹைப்ரிட் என்றால் அடிக்கிற பாகமான பேரல் அலுமினியக் கலவை, கைப்பிடி கார்பன் ஃபைபர் காம்போசிட், இரண்டையும் நடுவில் இணைத்திருப்பார்கள். பந்து தப்பான இடத்தில் பட்டாலும் அந்த இணைப்பு அதிர்வைத் தாங்கிக்கொள்ளும், கை எரியாது. முழு காம்போசிட் பேட்டை நூறு இருநூறு அடி அடித்துப் பழக்க வேண்டும். அலுமினிய பேரலுக்கு அந்த வேலை இல்லை, வாங்கிய அன்றே மைதானத்துக்குக் கொண்டுபோகலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனோம்.

அந்த ஆள் பேசியதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. போனதும் டீ வரவழைத்தார். "எந்த ஊருங்க?" என்றார். பெருந்துறை பக்கம் என்றதும், "அட, நம்மாளுங்களா! எங்க அம்மாயி ஊரும் அங்கதானுங்க" என்றார். தம்பியைப் பார்த்து, "எத்தனாவது எறங்குவீங்க கண்ணு?" என்று கேட்டார். நாலாவது என்றதும் உள்ளே போய் ஒரு பேட்டை எடுத்து வந்தார். விரல் மேல் கிடத்திக் காட்டினார். நடுவில் நிற்கவில்லை, முனைப் பக்கம் தள்ளி வைத்தால்தான் நின்றது. "பாத்தீங்களா, இதுதானுங்க எண்ட் லோடு. வெளிய முப்பதாயிரத்துக்குக் கம்மியாக் கெடைக்காது. நம்ம பசங்க ஆடோணும்னு லாபமே பாக்காமத் தர்றேனுங்க." கைப்பிடியில் கார்பன் கோடுகள் தெரிந்தன. பேரலில் பிபிகார் .50 முத்திரை இருந்தது. பந்து பேட்டில் பட்டுத் துள்ளுவது வரம்பைத் தாண்டாது என்று சோதித்துப் போடுகிற முத்திரை அது. அமெரிக்கக் கல்லூரிகளில் 2011 முதலும் உயர்நிலைப் பள்ளிகளில் 2012 முதலும் மரமல்லாத பேட்டுக்கு அந்த முத்திரை கட்டாயம். 33 இஞ்சு, 30 அவுன்ஸ் என்றும் போட்டிருந்தது. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா ரேட்டு ஏறீருமுங்க, எதுன்னாலும் நான் இருக்கறனுங்க" என்று எஸ்டிமேட் சீட்டில் '18,500' என்று எழுதிக் கொடுத்தார். ஜிபே வேலை செய்யவில்லை என்று ரொக்கமாகத்தான் வாங்கினார்.

முதல் நாள் பிராக்டிஸிலேயே, "கை சுருக்குன்னு எரியுதுண்ணா" என்றான் தம்பி. ஹைப்ரிட் பேட்டில் அப்படி எரியக் கூடாதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் முனை மூடி தெறித்துப் பறந்தது. பந்து போட்ட பையனின் காதை ஒட்டிப் போனது. அவன் கண்ணில் பட்டிருந்தால்? மூடி விழுந்த இடத்தில் மண்ணில் ஈயக் குண்டுகள் கிடந்தன. தூண்டிலில் கட்டுவார்களே, அதே குண்டு. பேட்டுக்குள் பார்த்தால் எம்-சீல் பூசி இன்னும் நாலைந்து குண்டுகள் ஒட்டியிருந்தன. இதுதான் அவர் விரலில் நிறுத்திக் காட்டிய எண்ட் லோடு!

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் கைப்பிடியின் கிரிப்பைப் பிரித்து நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். கார்பன் கோடுகள் அப்படியே உரிந்து வந்தன. காருக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர். பிபிகார் முத்திரை தின்னர் தொட்ட துணியில் துடைத்ததும் போய்விட்டது. அறுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே அலுமினியம், இணைப்பு என்று ஒன்றுமே இல்லை. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் துண்டுகளையும் குண்டுகளையும் சேர்த்துப் போட்டோம். ஒரு கிலோவைத் தாண்டியது. 30 அவுன்ஸ் என்றால் 850 கிராம்தான் வரவேண்டும். கிரிப்புக்கும் முனைக் கனத்துக்கும் கொஞ்சம் கூடும், சரி. இவ்வளவா கூடும்?

போன் போட்டால், "கம்பெனி ஆள் வருவாருங்க, பாத்துக்கலாமுங்க." அப்புறம், "ஓனர் பழனிக்கு நடந்து போயிருக்காருங்க." அப்புறம் என் நம்பரையே எடுப்பதில்லை. நேரில் போனால் கல்லாவில் ஒரு பையன், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்ணா" என்கிறான். கடைசியில் அந்த ஆளே கிடைத்தார். நம்மாளு, அம்மாயி ஊரு எல்லாம் போயே போச்சு. "பேட்டை யாரு அறுக்கச் சொன்னா? அறுத்த பேட்டுக்கு எவனாவது வாரண்டி குடுப்பானா?" என்று கத்தினார். மூடி மைதானத்திலேயே பறந்துவிட்டது, தம்பியின் கூட்டாளி எடுத்த வீடியோ இருக்கிறது என்று காட்டினேன். "வீடியோல இருக்கறது எங்க பேட்டுன்னு எப்படீங்க நம்பறது?" என்றார். எஸ்டிமேட் சீட்டை நீட்டினால், "இதுல எங்க கடைப் பேரே இல்லையே" என்கிறார். 18,500 ரூபாயை எண்ணி வாங்கிய அதே கையால் அந்தச் சீட்டைத் தள்ளிவிட்டார். அப்பாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விலாவாரியாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் பாருங்கள். தராசில் போடாமல் வாங்காதீர்கள். நீளத்தை இஞ்சிலும் எடையை அவுன்ஸிலும் எடுத்துக் கழித்தால் பிபிகார் பேட்டுக்கு 3 வர வேண்டும், ஒன்றிரண்டு அவுன்ஸ் முன்னே பின்னே இருக்கலாம். முனை மூடியில் பசை வழிந்திருக்கிறதா, குலுக்கினால் சத்தம் வருகிறதா பாருங்கள். கைப்பிடியும் பேரலும் சேருகிற இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எங்கே என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீ கொடுத்தாலும் சரி.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் பேசப் போகிறேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. உங்களில் யாருக்காவது இதே மாதிரி ஸ்டிக்கர் சுற்றிய பேட்டை விற்றிருந்தால் அதை அறுக்காமல், மூடியைக் கழற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.